கேப்டன் யான்சியின் ராஜினாமா

கவர்னருக்குக் கடிதம் எழுதுவது எங்கள் மாநிலத்து மக்களுக்கு ஒரு வியாதி. தலைநகரம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஊரில், நடுத்தெருவில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் முளைத்துக்கொண்டிருந்தன. அதற்குள் குறைக்கு மட்டும் பஞ்சமில்லை. ஓநாய்த் தலைக்குத் தருவதாகச் சொன்ன பரிசு வரவில்லை என்று ஒருவன் எழுதுவான். எங்கள் நீதவான் காலையிலேயே குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார், அவரைத் தூக்கிவிட்டு என்னைப் போடுங்கள் என்று இன்னொருவன் எழுதுவான். அடுத்த வாரமே அந்த நீதவானிடமிருந்து கடிதம் வரும். குடிப்பது அவனாம்.

இவற்றையெல்லாம் முதலில் பிரிப்பவன் நான்தான். பெயர் ஏனோஸ் பிரட். கவர்னர் அலுவலகத்தின் ஒரே குமாஸ்தா. ஒரு மனிதனின் கழுத்து என் கையில் இருபத்தொரு நாள் இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிடும். அதற்கு நான் தகுதியில்லாதவன்.

என் வேலைமுறை இதுதான். கடிதத்தைப் பிரித்துப் படிப்பேன். பழையபடி மடித்து, முதுகில் ஒரே வரி எழுதுவேன்: தேதி, யாருடையது, என்ன விஷயம். அதே வரியைப் பதிவேட்டில் ஏற்றுவேன். பிறகு சுவரில் மாட்டியிருந்த ஏழு அறைப் பெட்டியில் அதற்கான அறையில் போடுவேன். அந்தப் பெட்டியைச் செய்தவன் சவப்பெட்டி செய்யும் தச்சன். பார்வையாளர் உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே அது தொங்கியது. கவர்னர் எந்தக் கடிதத்தைக் கேட்டாலும், அவர் வாயை மூடுவதற்குள் எடுத்துக் கொடுப்பேன்.

"ஏனோஸோட பதிவேட்டுல இல்லாதது இந்த மாநிலத்துலயே இல்லய்யா" என்று விருந்தினர்களிடம் கவர்னர் கேலி செய்வார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். முட்டாள்களுக்குத்தான் கேலி எப்போதும் பாராட்டாகக் கேட்கும்.

அந்த வசந்தத்தில் ராஜினாமாக்கள் மழையாகப் பொழிந்தன. ஊர்க்காவல் படையின் கேப்டன்களும் லெப்டினன்ட்களும் ஆற்றைத் தாண்டி மேற்கே புது நிலம் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போவதற்கு முன் பதவிச் சான்றைக் கவர்னருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே வாரத்தில் நாற்பது கடிதங்கள். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான். இரண்டாவது வரிக்குமேல் ஒன்றும் இருக்காது. நான் முதல் பக்கத்தைப் பார்த்ததும் மடித்து, "ராஜினாமா" என்று முதுகில் எழுதி, அன்றே பதிலும் தயார் செய்துவிடுவேன். "தங்கள் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது." கவர்னர் அடுக்கி வைத்த பதில்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார்.

மே மாதம் இரண்டாம் தேதி வந்த கடிதங்களில் எட்டாம் படைப்பிரிவின் கேப்டன் யான்சியுடையதும் ஒன்று. கிழக்கு மூலையில், எழுபது மைல் தள்ளி இருக்கும் ஹார்ஷா மாவட்டத்திலிருந்து வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்தேன், மடித்தேன், எழுதினேன், போட்டேன். வெளியே அனுப்பியவர் பெயர் இருந்ததால் உள்ளே கையெழுத்து எங்கே என்றுகூடத் தேடவில்லை.

மே இருபது, திங்கட்கிழமை மதியம், ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும். முழங்கால்வரை சேறு. வாசலில் ஒரு கோவேறு கழுதை தலை தொங்க நின்றது.

"அய்யா, கவர்னரு இருக்காருங்களா?"

"சாப்பிடறார். என்ன விஷயம்மா?"

"என் பேரு கெசியா ஸ்ட்ரோட். ஹார்ஷாவுலேருந்து வரேன். என் வீட்டுக்காரரு லேவியை வர்ற வெள்ளிக்கிழமை தூக்குல போடப் போறாங்க. ஊரு சனமெல்லாம் சேந்து மனு போட்டோம். இன்னும் பதிலு வரல. அதான் நானே வந்துட்டேன்."

வழக்கு எனக்குத் தெரியும். காட்டில் மேயும் பன்றிக்கு ஆளாளுக்கு ஒரு விதமாகக் காது வெட்டி அடையாளம் வைப்பது எங்கள் வழக்கம். தன் பன்றியின் காதை ஹக்கின்ஸ் என்பவன் திருத்தி வெட்டிவிட்டான் என்று லேவி சண்டைக்குப் போயிருக்கிறான். வேலிக் கட்டையால் ஓர் அடி. மூன்றாம் நாள் ஹக்கின்ஸ் செத்துப்போனான். ஹக்கின்ஸின் சித்தப்பா சட்டசபையில் உறுப்பினர்.

மன்னிப்பு மனுக்களின் அறையில் இருந்தவற்றை எடுத்துப் பார்த்தேன். ஐந்து இருந்தன. இது இல்லை. பதிவேட்டைப் புரட்டினேன். அதிலும் இல்லை.

"அப்படி ஒரு மனு வரலைம்மா."

"வந்திருக்கும்ங்க. கேப்டன் யான்சிதான் எழுதினாரு, அவரு கைப்பட. அறுபத்து மூணு பேரு கையெழுத்துப் போட்டோம். எழுதத் தெரியாதவங்க பெருக்கல் குறி போட்டாங்க, நானும் போட்டேன். என் கண்ணு முன்னாலதான் மடிச்சு மெழுகு வச்சாரு."

யான்சி என்ற பெயரைக் கேட்டதும் விரல் வைத்துத் தேடினேன். கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது.

"இதோ. மே ரெண்டு. யான்சி, கேப்டன். ராஜினாமா. பதவியை விட்டிருக்கார், அவ்வளவுதான்."

"வேற ஒண்ணுமே இல்லீங்களா?"

"ஒண்ணுமே இல்ல."

அவள் பதிவேட்டைப் பார்த்தாள். படிக்கத் தெரியாத கண், ஆனாலும் அந்த வரியை விடாமல் பார்த்தாள்.

"அந்தக் காகிதத்தை ஒருவாட்டி எடுத்துப் பாக்குறீங்களா அய்யா?"

ராஜினாமாக் கடிதங்களைப் படைத் தலைமைக்கு அனுப்புவதற்காக அன்று காலைதான் சிவப்பு நாடா போட்டுக் கட்டி, பெட்டியில் அதே அறையில் வைத்திருந்தேன். நல்ல முடிச்சு. அவிழ்த்துத் தேடி எடுக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சேற்றுக் காலோடு வந்த ஒருத்தி என் பதிவேட்டைச் சந்தேகப்படுவதாவது!

"ஒன்பது வருஷமா இந்த வேலை பாக்கறேம்மா. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் வெளிய எழுதறேன். எழுதினதை அவுத்து அவுத்துப் பாக்கணும்னா நான் எதுக்கு?"

அவள் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். அரசாங்கத்து ஆள் கத்தினால் எங்கள் ஜனங்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தப்பு தங்கள்மேல்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கவர்னர் உதட்டில் சோளரொட்டித் துணுக்கோடு வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்தவர். மாநிலத்தின் பாதி மாவட்டங்களை அவர் கண்ணால் கண்டதில்லை. காகிதத்தில் வருவதுதான் அவருக்கு மாநிலம். கெசியா சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார்.

"பன்னெண்டு பேரு ஜூரியா உக்காந்து தூக்குன்னு சொல்லியிருக்காங்கம்மா. நான் ஒருத்தன் வேணாங்கணும்னா எதை வச்சு வேணாங்கறது? ஊரே சொல்லுதுன்னா, இந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன். ஹக்கின்ஸோட சித்தப்பன் சட்டசபையில எழுந்து நின்னு கேட்டாலும், அந்தக் காகிதத்தை எடுத்து அந்தாளு மூஞ்சிக்கு நேரா நீட்டிடுவேன். காகிதம் இல்லாம நான் என்ன செய்வேன்?"

"ஊருதாங்க சொல்லிச்சு. சொன்னதை எழுதித்தானே அனுப்பினோம்."

கவர்னர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனோஸ், நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன் சார்."

அவருக்கு அது போதும். என் வார்த்தைமேல் அவ்வளவு நம்பிக்கை. புது மனு வந்தால் உடனே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். எழுபது மைல் போய், அறுபத்து மூன்று பேரைத் திரும்பத் திரட்டி, எழுபது மைல் வந்து, மறுபடி எழுபது மைல் போக அவளுக்கு நாலு நாள் இருந்தது. அவள் கழுதைக்கு ஒருமுறை போகவே மூன்று நாள் வேண்டும். இது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து அறைப் பெட்டியின் அடிப்பலகையில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், அதில் என் மனசாட்சி கொஞ்சம் குளிர்ந்ததும் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க கேப்டன் உங்களை ஏமாத்திட்டார்னு தோணுது" என்றேன். "இந்த வருஷம் எல்லாருக்கும் மேற்க போற பைத்தியம். உங்க மனுவை வாங்கி வச்சுக்கிட்டு, தன் ராஜினாமாவை மட்டும் அனுப்பிட்டார்."

"யான்சி அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க. லேவியும் அவரும் ஒண்ணாத்தான் காடு திருத்தினாங்க."

"காகிதம் பொய் சொல்லாதும்மா."

அவள் காலிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தாள். முகத்தில் ஏதோ ஒன்று இறுகுவதை நான் பார்த்தேன். அந்த நிமிஷத்தில்தான் அவள் என்னை நம்பிவிட்டாள் என்று இப்போது தெரிகிறது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்" என்று எழுந்தாள். "அவரு அங்க தனியா நிக்கக்கூடாது."

அன்று மாலையே மழை பிடித்தது. மறுநாள் முழுவதும் விடவில்லை.

வியாழக்கிழமை காலை படைத் தலைமையிலிருந்து ஆள் வந்தார். காலியான பதவிகளுக்கு ஆள் போட வேண்டும், யார் யார் எந்த எந்தப் பிரிவு என்று பட்டியல் கேட்டார். முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரிவு எண்ணை வாசித்துக்கொண்டே போனேன். யான்சியின் கடிதம் வந்தது.

"மேதகு கவர்னர் அவர்களுக்கு, எட்டாம் படைப்பிரிவின் கேப்டன் பதவிச் சான்றை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி அந்தப் பதவியில் இருக்க என்னால் இயலாது." முதல் பக்கம் அதோடு முடிந்தது. கீழே கையெழுத்து இல்லை. கையெழுத்து எங்கே என்று அப்போதுதான் பக்கத்தைத் திருப்பினேன்.

"காரணம் வருமாறு. இம்மாதம் 24ஆம் தேதி லேவி ஸ்ட்ரோட்டைத் தூக்கிலிடும்போது மேடையைச் சுற்றி என் படை துப்பாக்கியோடு நிற்க வேண்டும் என்று ஷெரிப் உத்தரவிட்டிருக்கிறார். ஹக்கின்ஸ்தான் முதலில் கத்தியை உருவினான். அதைப் பார்த்த ஒரே ஆள் விசாரணைக்கு முன்பே மேற்கே போய்விட்டான். போகும்முன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். பதவியில் இருந்துகொண்டு தீர்ப்பை எதிர்த்து எழுதுவது முறையல்ல என்பதால் முதலில் பதவியை விட்டேன். இனி ஒரு சாதாரண விவசாயியாக, கீழே பெயர் உள்ள அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து, அந்த மனிதனின் உயிரைக் கேட்கிறேன்."

கீழே யான்சியின் கையெழுத்து. அதன் கீழும் எதிர்ப் பக்கம் முழுவதும் பெயர்களும் பெருக்கல் குறிகளும். மூன்றாவது குறியின் பக்கத்தில் "கெசியா ஸ்ட்ரோட், அவள் குறி" என்று யான்சி எழுதியிருந்தார்.

படைத் தலைமை ஆள் "என்ன பிரிவு, என்ன பிரிவு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எப்படியோ கவர்னரின் அறையில் நின்றேன். அவர் முதல் பக்கத்தைப் படித்தார், திருப்பினார், படித்தார்.

"இது என்னிக்குய்யா வந்துச்சு?"

"மே ரெண்டு, சார்."

"நான் இதுக்குப் பதில்ல கையெழுத்துப் போட்டேனா?"

"போட்டீங்க சார். ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டதுன்னு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மன்னிப்பு ஆணையைத் தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, மாநில முத்திரை வைத்தார்.

"என் குதிரையை எடுத்துக்கோ. நீயே போ."

"சார், நல்லா சவாரி தெரிஞ்ச ஆளா அனுப்பினா..."

"நீயே போன்னு சொன்னேன். இன்னொருத்தன்கிட்ட குடுத்து, அவனும் உன்னை மாதிரி பாதியில நிறுத்திட்டான்னா?"

நல்ல சாலையும் நல்ல ஆகாயமும் இருந்தால் மறுநாள் பொழுது விடிவதற்குள் போயிருக்கலாம். பாதி வழியில் பெரிய ஓடை கரை புரண்டு போய்க்கொண்டிருந்தது. ஓடக்காரன் வெறும் கயிற்றைச் சுருட்டிவைத்துக்கொண்டு மரத்தடியில் புகையிலை மென்றுகொண்டிருந்தான்.

"அக்கரை போகணும். கவர்னர் உத்தரவு. இதோ காகிதம்."

"காகிதம் மிதக்கும்ங்க. குதிரை மிதக்காது" என்றான். "கோவேறு கழுதையில ஒரு பொம்பள வந்தா. தண்ணி இவ்வளவு ஏர்றதுக்கு முன்னால கடந்துட்டா. சாகத் துணிஞ்சவ மாதிரிதான் எறங்கினா. நீங்க விடியற வரைக்கும் இருங்க."

காலைவரை அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஒரு முழம் வடிந்ததும், இன்னும் முடியாது என்று அவன் சொல்வதற்குள் ஓடத்தில் குதிரையை ஏற்றினேன். சூரியன் தலைக்கு நேரே வந்தபோது, தூக்குக்குக் குறித்திருந்த வேளையில், இன்னும் பதினைந்து மைல் பாக்கி இருந்தது. எங்கள் பக்கம் தூக்கு மேடையில் முதலில் ஒரு பாதிரியார் பிரசங்கம் செய்வார். சில பாதிரியார்கள் இரண்டு மணி நேரம்கூட விடமாட்டார்கள். பிரசங்கம் நீள வேண்டும் என்று நான் என் வாழ்நாளில் வேண்டிக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

ஊருக்கு மூன்று மைல் முன்னால் எதிரே ஒரு வண்டி வந்தது. கெசியா தன் கழுதையை அதில் பூட்டியிருந்தாள், தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் போர்வை போர்த்தி ஏதோ நீளமாகக் கிடந்தது. வண்டிக்கு நூறு அடி பின்னால் ஒரு உயரமான மனிதர் தோளில் மண்வெட்டியோடு நடந்து வந்தார். வண்டி நின்றதும் அவரும் நின்றுவிட்டார். கிட்டே வரவில்லை.

என்னைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. என் கையில் முத்திரை வைத்த காகிதம் இருந்ததையும் பார்த்தாள்.

"என்னங்க அது?"

மன்னிப்பு ஆணையோடு சேர்த்து யான்சியின் கடிதத்தையும் கொண்டுவந்திருந்தேன். அதை விரித்துப் பிடித்தேன், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதையும் மறந்துவிட்டு. அவள் எட்டிப் பார்த்தாள். எழுத்துகளைத் தாண்டி அவள் விரல் நேராகத் தன் பெருக்கல் குறியில் போய் நின்றது.

"இது நான் போட்டது."

"ஆமாம்மா."

"அப்ப யான்சி அனுப்பினாரா?"

"அனுப்பினார். முதல் பக்கத்துல ராஜினாமா. உள்ள திருப்பினா மனு. நான் திருப்பிப் பாக்கலம்மா."

அவள் கழுதையின் கடிவாளத்தை ஒருமுறை இழுத்து விட்டாள், அது நகரவே இல்லை என்றபோதும்.

"நான் லேவிகிட்ட சொல்லிட்டேனே" என்றாள். "யான்சி நம்மள ஏமாத்திட்டான், மனுவ அனுப்பவே இல்லன்னு. யான்சி மேடைகிட்ட வந்து, கவர்னரு ஒத்துக்கலடா லேவி, கெசியா கெளம்பினப்புறம் பதிலு வந்துடுச்சுன்னு அழுதாரு. லேவி அவரு மூஞ்சியில துப்பினாருய்யா. அதுதான் அவரு கடைசியா பண்ணினது. வேற ஒண்ணும் பேசல. எங்கூடவும் பேசல."

நான் சேற்றில் நின்றேன்.

"அந்தக் காகிதம் எங்க இருந்துச்சு, நான் வந்தப்ப?"

"அலுவலகத்துலதாம்மா."

"நான் உக்காந்திருந்தேனே, அந்தப் பெஞ்சுக்கு மேல ஒரு பொட்டி. அதுலயா?"

"ஆமா."

அவள் கை மெதுவாகப் பின்னந்தலைக்குப் போனது. பெட்டியின் பலகை பட்ட இடத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு வண்டியில் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கேப்டன்!" என்று கூப்பிட்டாள். "வாங்க கேப்டன். கிட்ட வாங்க."

மண்வெட்டிக்காரர் நடந்து வந்தார். கன்னத்தை அவர் துடைத்துக்கொள்ளாமலே விட்டிருந்தார். என்னையும் என் கையில் இருந்த முத்திரையையும் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது.

"நான் இப்ப கேப்டன் இல்ல கெசியா" என்றார். "அதை மட்டும் அவங்க ஏத்துக்கிட்டாங்க."

மன்னிப்பு ஆணையை இரண்டு பேரும் வாங்கிக்கொள்ளவில்லை. யான்சி வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டார், கெசியா கழுதையைத் தட்டினாள், நான் பாதையை விட்டு ஒதுங்கி நின்றேன்.